டி டிரைவில் இருந்த உன் குரல்

இன்று காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது, டிஸ்க்கில் மீதி இடத்தைக் காட்டுகிற அந்த நீலப் பட்டைதான். இத்தனை வருஷமாக நிரம்பிச் சிவப்பாகவே பார்த்துப் பழகிய பட்டை. டி டிரைவில் இப்போது ஏகப்பட்ட இடம் இருக்கிறது. நீ பார்த்திருந்தால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சிரித்திருப்பாய். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அணைத்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன். நடந்ததை வேறு யாரிடம் சொன்னாலும், போனால் போகிறது, பழைய கம்ப்யூட்டர்தானே என்பார்கள்.

நான் ஓய்வு பெற்ற மாதம் நீ கட்டிக் கொடுத்த பெட்டி இது. தேனாம்பேட்டை ஆபீஸில் முப்பது வருஷம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு ஃபைல் தெரியும், உனக்கு மெஷின் தெரியும். எங்கெங்கோ அலைந்து பாகம் பாகமாக வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தாய். ஹார்ட் டிஸ்க்கை சி, டி என்று இரண்டாகப் பிரித்தாய். எதையும் சி-யில் வைக்காதே, எல்லாம் டி-யில் இருக்கட்டும் என்றாய். டி எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாய். பிறகு பேசாமல், எனக்கு வேண்டியதெல்லாம் முதல் திரையிலேயே தெரிகிற மாதிரி செய்து வைத்தாய். அந்தத் திரைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று நான் அப்புறம் கேட்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, பாலவாக்கத்திலிருந்து பஸ் பிடித்து, லஸ்ஸில் இறங்கி நடந்து வருவாய். பெட்டி நிரம்பிப் போய்விட்டது என்று நான் புகார் சொல்லாத வாரம் கிடையாது. இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். "இத்த இன்னாத்துக்கு வச்சிக்கினு கீற நைனா? எட்டு வருசம் முன்னாடி போன ரயில் டிக்கெட்டு" என்பாய். நான் இருக்கட்டும் என்பேன். நீ அழிப்பாய். ஒரே படத்துக்கு நாலு நகல் வைத்திருப்பேன், மூன்றைத் தூக்குவாய். கடைசியில் குப்பைத் தொட்டியைக் காலி செய்யாமல் எழுந்திருக்க மாட்டாய். அது முடிந்ததும் டிஃப்ராக் ஓட்டுவாய். சிதறிக் கிடப்பதை ஒழுங்காக அடுக்கி வைக்கிற வேலை என்று விளக்கம் வேறு. அது நாலு சதவீதம், ஐந்து சதவீதம் என்று ஏறுவதை கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பார்த்துக்கொண்டே இருவரும் காபி குடிப்போம். என் மனைவி வந்து, அதில் என்னதான் தெரிகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

போன வருஷம் உனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. பஸ் ஏறுவது கஷ்டம் என்று நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு ஞாயிறு தொடர்ந்து, நான் காய்கறி வாங்கப் போகிற நேரமாகப் பார்த்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஏதோ பேசிப் பதிவு செய்தாய். எப்படிப் போடுவது, எப்படி அணைப்பது, நின்றுபோனால் என்ன செய்வது என்று எனக்காகப் பத்தொன்பது பதிவுகள். இனிமேல் என்னைக் கூப்பிட வேண்டாம், இதைக் கேட்டால் போதும் என்றாய். வராமல் இருப்பதற்கு வழி தேடுகிறாய் என்று எனக்குக் கோபம் வந்தது. மூன்றைத்தான் கேட்டேன். மீதியைக் கேட்பதைவிட உனக்கு ஃபோன் போடுவது சுலபமாக இருந்தது. ஏதாவது தகராறு என்றால் இவளும், "அதை ஏன் நோண்டிண்டிருக்கேள், அவரையே கேளுங்கோளேன்" என்பாள். ஃபோனை எடுத்து நீயும் பொறுமையாகச் சொன்னாய். இரண்டு மாதம் சொன்னாய். அதோடு சரி.

உன் பேத்தி பிறந்தபோது நீ போய் நாலு மாதம் ஆகியிருந்தது. போன வாரம் உன் மகள் ஜெனிட்டா ஃபோன் செய்தாள். அப்பாவுக்கு முதல் வருஷ நினைவுத் திருப்பலி வரப்போகிறது, வீடு முழுக்கத் தேடிவிட்டேன், அப்பாவின் குரல் எங்கேயுமே இல்லை என்றாள். எல்லா விசேஷத்திலும் கேமரா உன் கையில்தானே இருந்தது. அவள் கல்யாண வீடியோவில் ஒரு இடத்தில் நீ வாய் திறக்கிறாய், ஆனால் பேண்டு சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லையாம். அவளுடைய பழைய ஃபோன் தொலைந்ததோடு அதிலிருந்தவையும் போய்விட்டன. குழந்தைக்கு அப்பா குரலைக் கேட்க வைக்க வேண்டும் மாமா, ஒரு வார்த்தை கிடைத்தால்கூடப் போதும் என்றாள்.

நான் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா? ஒரு வார்த்தை என்ன, பத்தொன்பது பதிவு என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவோடு வா என்றேன். அந்தப் பக்கம் அவள் அழுதாள்.

அதோடு விட்டிருக்கலாம். பெட்டியோ ஒரு ஃபோல்டரைத் திறக்கப் பத்து நிமிஷம் எடுத்துக்கொண்டிருந்தது. இடம் போதவில்லை என்று மணிக்கொரு தரம் எச்சரிக்கை. ஜெனிட்டா வந்து உட்கார்ந்திருக்கும்போது இது மக்கர் பண்ணி நின்றால் மானம் போய்விடும் என்று வியாழக்கிழமை நானே சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். நீ சொல்லிக் கொடுத்த வரிசைப்படிதான் செய்தேன். டிக்கெட்டுகளைத் தூக்கினேன், இரட்டைப் படங்களைத் தூக்கினேன். வாழ்க்கையில் முதன்முறையாக டி-க்குள்ளும் போனேன். அங்கே உன் பதிவுகள் இருந்த ஃபோல்டர், அதே பெயரோடு. முதல் திரையிலும் அதே பெயரில் ஒன்று இருக்கிறதே என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். டி-யில் இருப்பது மூன்று ஜிபி. முதல் திரையில் இருப்பது ஒரே ஒரு கேபி. அதே சரக்கு, ஒன்று இவ்வளவு இடத்தை அடைக்கிறது, மற்றது இடமே கேட்கவில்லை என்று நினைத்தேன். சின்னதை நீதான் எனக்காக ஏதோ செய்து சுருக்கி வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றியது. உன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டே பெரியதை அழித்தேன். குப்பைத் தொட்டியைக் காலி செய்தேன். டிஃப்ராக்கை ஓட்டிவிட்டுக் காபி குடித்தேன். உன்னை நினைத்துக்கொண்டுதான் குடித்தேன்.

சனிக்கிழமை, எதற்கும் ஒரு தரம் கேட்டுப் பார்க்கலாம் என்று அந்தச் சின்னதைத் திறந்தேன். திறக்கவில்லை. இது சுட்டுகிற இடத்தில் எதுவும் இல்லை என்றது. அப்போதுதான் அந்தப் படத்தின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருப்பதையே பார்த்தேன். டி-யில் இருப்பதற்கு வழி காட்டுகிற பலகை மட்டும்தான் அது, உள்ளே சரக்கு கிடையாது. இத்தனை நாளும் அந்த அம்புக்குறி அங்கேயேதான் இருந்திருக்கிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு தி. நகரில் ஒரு மாடிக் கடைக்கு ஓடினேன். அழிந்ததை மீட்டுக் கொடுக்கிற கடை. அங்கே ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், மாலை வரை முயன்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டெலீட் பண்ணதோட விட்டிருந்தா எடுத்துக் குடுத்திருப்பேன் சார். நீங்க அதுக்கப்புறம் டிஃப்ராக் ஓட்டிட்டீங்க. அந்த எடத்துல வேற என்னென்னமோ ஏறிடுச்சு" என்றாள். நீ சொன்னபடி ஒழுங்காக அடுக்கியதில்தான் நீ போனாய்.

பெயர்கள் மட்டும் திரும்பக் கிடைத்தன. பத்தொன்பதும் வரிசையாகத் திரையில் நின்றன. எதைத் திறந்தாலும் உள்ளே ஒன்றுமில்லை. பதினேழாவதற்கு நீ வைத்திருந்த பெயர் 'நான் வராத அன்னிக்கு'. அதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என்ன சொல்லியிருந்தாய்? கம்ப்யூட்டரைப் பற்றித்தானா, இல்லை வேறு ஏதாவதா? நாலு நாளாக இந்த ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைத் தவிர இதற்குப் பதில் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜெனிட்டா குழந்தையோடு வந்தாள். ஃபோனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பென் டிரைவை மேஜைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சொன்னேன். நானேதான் அழித்தேன் என்றும் சொன்னேன். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பென் டிரைவை எடுத்துப் பைக்குள் போட்டாள். குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். இவள் கொண்டுவந்து வைத்த காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

பிறகு ஜெனிட்டா, "நீங்க கேட்டீங்க இல்ல மாமா, அதுல அப்பா இன்னா சொன்னாருன்னு அப்டியே சொல்லுங்க. இவ கேக்கட்டும்" என்றாள்.

முதல் பதிவு எனக்கு எழுத்து பிசகாமல் நினைவிருக்கிறது. "பயப்படாத நைனா. இன்னா ஆவப் போவுது? மொதல்ல பின்னாடி சுச்சப் போடு. லைட்டு எரிதா பாரு." இவ்வளவுதான். நான் குழந்தையின் பக்கம் குனிந்து வாயைத் திறந்தேன். "பயப்படாதே. என்ன ஆகப்போறது? முதல்ல பின்னாடி ஸ்விட்சைப் போடு. லைட் எரியறதா பாரு" என்று வந்தது. ஜெனிட்டா தலையை ஆட்டினாள். "அப்பா இப்டி பேச மாட்டாரு மாமா" என்றாள், ரொம்ப மெதுவாக.

மறுபடி முயன்றேன். 'இன்னா' என்று சொல்லிப் பார்த்தேன். உன்னைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன். குழந்தை தன் அம்மாவின் தோளில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நீ என் பேச்சை அப்படியே பேசிக் காட்டி இவளை விழுந்து விழுந்து சிரிக்க வைப்பாய். நான் ஒருநாளும் உன் பேச்சைப் பேசிப் பார்த்ததில்லை. நீதான் எப்போதும் எதிரில் இருந்தாயே.

அவர்கள் போய்விட்டார்கள். மூன்று பதிவுகளின் சொற்களும் ஒன்றுவிடாமல் என்னிடம் இருக்கின்றன. தினமும் ஒரு தரம் சொல்லிப் பார்க்கிறேன், என் குரலில்தான் வருகிறது.