தறிகள் நின்ற வீதி

அக்கா,

இன்று காலை மைக்கைத் துணிப்பையிலிருந்து எடுத்தபோது கிராம்பு மணந்தது. நான் கிராம்பு மெல்வதில்லை. ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்துத்தான் உள்ளே வைக்கிறேன். இருந்தும் அந்த இரும்பு வலைக்குள் எங்கேயோ உங்கள் வாசனை தங்கிவிட்டது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நீங்கள் வந்து தோளுரச நின்றுகொள்கிறீர்கள்.

பின்வீதியில் தறிக்குப் பாவு நூல் பிணைக்கும் நல்லசாமி அண்ணன் விடியும் நேரத்தில் போய்விட்டார். அவருடைய மருமகன் வந்து, "அக்கா சொல்ற மாதிரியே சொல்லிருங்க" என்று கேட்டுக்கொண்டு போனார். அந்த வீட்டில் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்து, சாவு அறிவிப்பை எழுதியும் முடித்துவிட்டேன். ஆட்டோ வர இன்னும் கொஞ்ச நேரமாகும். அதுவரை உங்களோடு பேசலாமென்று இன்னொரு தாளை எடுத்தேன்.

நம் வீதிக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் காதைப் பொத்திக்கொள்வார்கள். வீட்டுக்கு வீடு விசைத்தறி. பேசுவது என்றால் இங்கே கத்துவதுதான். தறிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் கையைக் காட்டியும் உதட்டை அசைத்தும் முழுக் கதையே சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட வீதியில் நான் ஒருத்தி சத்தமே இல்லாமல் வளர்ந்தேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள். ஆனால் சேலத்தில் ஒரு கம்பெனி நேர்முகத் தேர்வில் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டதற்கு, என் பெயரைச் சொன்னதோடு குரல் நின்றுவிட்டது. திரும்பி வந்து நூல் கடையில் கணக்கு எழுதச் சேர்ந்தேன். அப்பாவுக்கு அது பெரிய குறை.

"தறிக்காரன் ஊட்டுல பொறந்துட்டு இப்படிக் காத்தாட்டம் பேசுனா ஆருக்கு அம்மிணி கேக்கும்?" என்பார்.

அடுத்த வாசலிலிருந்து நீங்கள்தான் பதில் சொல்வீர்கள். "உடுங்கண்ணா. இந்த வீதியில எல்லாரும் கத்துனா, கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமல்ல."

உங்கள் வீட்டுக்காரர் மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், கோயில் விசேஷம், சாவு அறிவிப்பு எல்லாவற்றுக்கும் அவர்தான். அவர் போன பிறகு குழாய் ஸ்பீக்கர்களை விலைக்குக் கேட்டு ஆட்கள் வந்தார்கள். நீங்கள் விற்கவில்லை. ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டீர்கள். முதல் தடவை நீங்கள் மைக்கைப் பிடித்தபோது டீக்கடைக்காரர், "பொம்பள போயி எழவு சொல்றதாக்கும்?" என்றார். "அழுகறதுக்கு மட்டும் பொம்பள வேணும், சொல்றதுக்கு வேண்டாமாக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவர் கடையிலேயே டீ வாங்கிக் குடித்தீர்கள்.

தறி ஓடுகிற வீதியில் எந்த ஸ்பீக்கரும் எடுபடாது. அதனால் நீங்கள் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தீர்கள். வீதி முனையில் ஆட்டோவை நிறுத்தி ஹாரனை நீளமாக ஒருமுறை அழுத்துவீர்கள். முனைப் பட்டறையில் தறியை நிறுத்துவார்கள். அதைப் பார்த்து அடுத்த பட்டறை, அதற்கடுத்தது. சத்தம் ஒவ்வொரு வீடாக அடங்கிக்கொண்டே போய், கடைசியில் வீதியே வாயை மூடிக்கொள்ளும். கரண்ட் போனால் வருகிற அமைதி வேறு. அதில் ஆட்கள் முணுமுணுப்பார்கள், விசிறிக்கொள்வார்கள். இந்த அமைதியில் ஒருவரும் அசைய மாட்டார்கள். இன்னாருடைய தாயார், இன்னாருடைய மாமனார் என்று நீங்கள் படிப்பீர்கள். இறுதி ஊர்வலம் புறப்படும் நேரத்தைச் சொல்வீர்கள். எல்லாம் முடிந்ததும் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, வீட்டுப் பேச்சில் ஒன்று சொல்வீர்கள்.

"சரிங்க சாமி, தறிய ஓட்டுங்க."

அதைக் கேட்ட பிறகுதான் தறிகள் மறுபடி கிளம்பும்.

உங்களுக்கு அச்செழுத்துதான் தடையில்லாமல் படிக்க வரும். கையெழுத்து தகராறு. "காலேஜ் போன புள்ளதான, கொட்டக் கொட்டயா எழுதிக் குடு" என்று என்னிடம் வந்தீர்கள். அப்படித்தான் நான் சாவு வீடுகளுக்குள் நுழைய ஆரம்பித்தேன். ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பெயர், உறவு, நேரம் குறித்துக்கொண்டு வந்துவிடுவேன். என்னை யாரும் கவனிக்க மாட்டார்கள். அது எனக்கு வசதியாக இருந்தது.

பாவாயி அம்மா போன அன்று நடந்தது உங்களுக்கு மறந்திருக்காது. வீட்டு வாசலில் உட்கார்ந்து தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பவர். நான் அறிவிப்பை எழுதி முடித்துவிட்டு, அவருடைய மருமகள் அழுகைக்கு நடுவே சொன்ன ஒன்றை மறந்துவிடக் கூடாதென்று அதே தாளின் அடியில் குறித்து வைத்தேன். எனக்காகத்தான். ஆனால் அதுவும் கொட்டை எழுத்தில் இருந்தது. நீங்கள் நேரத்தைப் படித்தீர்கள், வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்றீர்கள், நிறுத்தாமல் அதையும் படித்தீர்கள். "எங்க கறிவேப்பில மரத்துல ஆரும் கேட்டுட்டுப் பறிக்க வேண்டியதில்லைன்னு சொல்லுவாங்க."

ஆட்டோவின் பின்சீட்டில் நான் சுருண்டுபோனேன். ஒரு பட்டறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு அதே இடத்திலிருந்து ஓர் அம்மா வாசலுக்கு வந்து, "நேத்துக் கூடப் பறிச்சனே" என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எந்த வீட்டில் அந்த மரத்து இலை தாளிப்பில் விழவில்லை? வீதி முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது.

நீங்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "இதென்ன அம்மிணி, கீழ எழுதியிருக்கறது?"

"அது படிக்கறதுக்கு இல்லீங்க்கா."

"படிச்சாச்சு. இனிமேலு எல்லாருக்கும் எழுது."

எல்லாருக்கும் எழுத முடியுமா என்று எனக்குச் சந்தேகம். நாச்சிமுத்து போனபோது அந்தச் சந்தேகம் சரிதான் என்று தோன்றியது. சொந்தப் பட்டறை வைத்திருந்து, குடித்துக் குடித்தே பாதித் தறிகளை விற்றவர். அவருடைய மகள் கண்ணீர் வராமல் உட்கார்ந்திருந்தாள். "எழுத என்ன இருக்குது? குடிச்சாரு, அடிச்சாரு. அதைப் போடுங்க" என்றாள். நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரம் கழித்து, தெருவில் நாய் ஒன்று வந்து வாசலை எட்டிப் பார்த்தபோது, "நாய்க்கு வெக்காம மட்டும் ஒரு நாளும் உண்டதில்ல" என்றாள்.

அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் படித்தீர்கள். "ஆமாமா, நாய்க்கு மாமன், ஊட்டுக்கு எமன்" என்று ஒரு கிழவர் சத்தமாகவே சொன்னார். வீதி சிரித்தது. ஆனால் அன்று சாயங்காலம் அவரைத் தூக்கிப் போகும்போது அந்தக் கிழவரும் கூடப் போனதை நான் பார்த்தேன். "பொய் சொன்னா ஊருக்குத் தெரிஞ்சுபோயிரும். பொய்யில்லாம ஒண்ணு கெடைக்கற வரைக்கும் உக்காந்திரு" என்றீர்கள் வீட்டுக்குத் திரும்பும்போது. நான் வேறொன்றும் செய்யவில்லை, உட்கார்ந்துதான் இருந்தேன். பேசத் தெரியாதது ஒரு வேலைக்கு உதவும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பால் கடை பாய் போனபோது பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார்கள். இருந்தும் அவர் மகன் நம்மைத் தேடி வந்தார். "அத்தா ஏவாரம் பண்ணுனது உங்க வீதியிலதானுங்க. நீங்களும் சொல்லோணும்" என்றார். எந்த வார்த்தை போடுவது என்று தயங்கிக் கேட்டேன். "மௌத்தாயிட்டாருன்னே போடுங்க, எல்லாருக்கும் புரியும்" என்றார். கடையைப் பூட்டிய பிறகும் கைக்குழந்தைக்குப் பால் என்று யார் வந்தாலும் பாய் ஷட்டரைத் தூக்கியதைச் சொன்னோம். அந்தப் பாலில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தறி ஓட்டுகிறார்கள். அன்று நீங்கள் தறியை ஓட்டச் சொன்ன பிறகும் கொஞ்ச நேரம் யாரும் ஓட்டவில்லை.

ஒருநாள் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே கேட்டீர்கள். "எனக்கு என்ன எழுதுவ?"

"நீங்க எங்கீங்க்கா போறீங்க இப்ப?"

"ஆட்டோவுக்கே எஃப்சி முடியுது, ஆளுக்கு முடியாதா? யோசிச்சு வெய்யி. கடைசி நேரத்துல பேந்தப் பேந்த முழிக்காத."

நான் யோசிக்கவில்லை. யோசிப்பதே ஆகாதென்று இருந்துவிட்டேன்.

ஆடிக் காற்று அடித்த ஒரு காலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து உங்கள் தம்பி வந்தார். ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய் போர்வெல் போடுகிறவர். கம்ப்ரசர் சத்தத்தில் நின்று நின்று காது மந்தமாகிவிட்டதென்று சொல்வீர்களே, அது நிஜம்தான். அவர் அழவில்லை. ஆக வேண்டியதை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அறிவிப்பு என்று பேச்சு வந்ததும், "பவானியில ஒரு செட்டுக்காரரு பென்டிரைவுல போட்டுத் தாரேன்னாரு. பேரு, நேரம் சொன்னாப் போதுமாம். ஆட்டோவுல போட்டு உட்டா அதும்பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே போயிரும்" என்றார்.

பென்டிரைவ் ஆட்டோக்களை நாம் பார்த்திருக்கிறோம். அவை முனையில் நிற்பதில்லை, ஹாரன் அடிப்பதில்லை. யாரோ ஓர் ஆணின் கணீர்க் குரல் இன்னாரின் அக்கா, இன்னாரின் அத்தை என்று சொல்லிக்கொண்டே ஓடும். தறிகள் அதன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். இத்தனை பேருக்காக வீதியை நிறுத்தியவர், தன் வீதியிலேயே ஒருவர் காதிலும் விழாமல் போய்விடுவீர்கள்.

"நான் சொல்றேனுங்க" என்றேன்.

உங்கள் தம்பிக்குக் கேட்கவில்லை. "என்ன சாமி?"

மறுபடி சொன்னேன். அவர் காதைத் திருப்பிக் காட்டினார். மூன்றாவது தடவை என் குரல் வாசல் முழுக்க விழுந்து, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இவளா?" என்றார் எங்கள் அம்மா. "இவ சொன்னா அந்த மைக்குக்கே கேக்காதே."

உங்கள் தம்பி என்னை ஒரு கணம் பார்த்தார். "அக்கா போன்ல உன்னயப் பத்தித்தான் சாமி பேசும். ஏறு, நான் ஓட்டறேன்" என்றார்.

பெயரும் உறவும் நேரமும் எழுதிவிட்டேன். அடியில் எழுத ஒன்றும் வரவில்லை. நீங்கள் சொன்ன மாதிரியே உட்கார்ந்து கேட்டேன். நம் வீதிப் பெண்கள், "எங்கூட்டு எழவையெல்லாம் சொன்னவளே, உன்ற எழவ ஆரு சொல்லுவா" என்றுதான் மாற்றி மாற்றி அழுதார்கள். அதை எப்படி உங்களைப் பற்றிய ஒரு வரியாக்குவது? தாளின் பாதி வெறுமையாகவே இருக்க, ஆட்டோவில் ஏறினேன்.

முனையில் உங்கள் தம்பி ஹாரனை நீளமாக அழுத்தினார். முனைப் பட்டறை நின்றது. பிறகு அடுத்தது. உங்கள் ஆட்டோ, உங்கள் ஹாரன். உள்ளே நீங்கள் இல்லை என்பது தெரிந்தவர்கள் வாசலுக்கு வந்தார்கள், தெரியாதவர்களும் வந்தார்கள். மைக்கில் கிராம்பு மணந்தது. நான் படித்தேன். என் குரல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வந்து என்னையே பயமுறுத்தியது. ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று முடித்து, கீழே பார்த்தேன். வெள்ளைத் தாள்.

யாரும் நகரவில்லை. தறிக் கைப்பிடியில் கை வைத்தபடி ஆண்கள் நின்றிருந்தார்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். என்னிடம் இல்லையே என்று சொல்லிவிடலாமா என்றிருந்தது. பிறகுதான் உறைத்தது. தறியை ஓட்டலாம் என்று இன்னும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அதைச் சொல்கிறவர் நீங்கள்.

மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"சரிங்க சாமி, தறிய ஓட்டுங்க."

உங்கள் தம்பிக்கு அது கேட்டுவிட்டது. ஆட்டோவின் கைப்பிடி மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, காலையிலிருந்து அழாததையெல்லாம் அழுதார். வாசல்களில் பெண்கள் விசும்பினார்கள். அதற்கு மேல் உங்களைப் பற்றி எதையும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, வீதியின் கோடியில் ஒரே ஒரு தறி கிளம்பியது. அது எங்கள் அப்பா ஓட்டும் தறி. அதைத் தொடர்ந்து மற்றவை.

அன்று சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டே அப்பா சொன்னார். "கோடித் தறி வரைக்கும் கேட்டுச்சு அம்மிணி."

காரியம் முடிந்ததும் உங்கள் தம்பி மைக்கைப் பையோடு என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன் ஒருவர் இப்போது வண்டியை ஓட்டுகிறார். நான் இன்னும் நூல் கடையில் மெதுவாகத்தான் பேசுகிறேன். விலை கேட்பவர்கள் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. மைக்கில் படிப்பதும் என் குரலில்தான், பழகிவிட்டது. முடிக்கும்போது சொல்கிற அந்த வார்த்தை மட்டும் என் வாயில் உங்கள் குரலாக வருகிறது. நான் அப்படி முயல்வதில்லை.

நல்லசாமி அண்ணனின் மனைவி காலையில் அழுதபோது, "மழை வந்தா ஊருத் துணியெல்லாம் எடுத்து உள்ள வெப்பீங்களே, இனி ஆரு எடுப்பா" என்றார். யார் வீட்டுக் கொடி என்று பார்க்காமல் அண்ணன் துணி அள்ளிக்கொண்டு ஓடியதை நானும் பார்த்திருக்கிறேன். எங்கள் துணியும் அதில் இருந்திருக்கிறது. அதைத்தான் அடியில் எழுதியிருக்கிறேன், கொட்டை எழுத்தில்.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. போய் நிறுத்திவிட்டு, மறுபடி ஓட்டச் சொல்லிவிட்டு வருகிறேன்.

வாரேனுங்க்கா.