தாய்க்கப்பலில் இன்று பிரியாணி

2071 ஆகஸ்ட் 20. காலை 06.10. நடு இந்துமாக்கடல்

கப்பல்: அலைச்செல்வி. பதிவு: ஞானதிரவியம், வயர்லெஸ், ஒலிபெருக்கி, சமையல் மேற்பார்வை. நான் பேசப் பேசக் கருவி எழுதிக்கொள்ளும். என் குரலுக்குத் தவிர வேறு யார் குரலுக்கும் மசியாது. வீட்டில்கூட எனக்கு இந்த மரியாதை இல்லை.

ஒரு காலத்தில் இது சரக்கும் சனமும் ஏற்றிய கப்பல். நான் வெள்ளைச் சட்டை போட்ட பயணியர் அதிகாரி. இன்று முதல் வகுப்பு அறைகளில் சூரை மீன் உறைந்து படுத்திருக்கிறது. பழைய பயணிகளைவிடத் தங்கமான பிறவிகள். காபி ஆறிப்போச்சு என்று ஒன்றும் புகார் சொல்வதில்லை.

இந்தத் தாய்க்கப்பலின் மூன்று குட்டிப் படகுகள் வெளியே மீன்பிடிக்கின்றன. பிடித்ததை நம்மிடம் இறக்கிவிட்டு மறுபடி போவார்கள். எஞ்சின் நலம். குளிர்நிலை நலம். என் வயிறும் நலம், அளவு மட்டும் கூடுதல்.

11.30

மூடுபனி. திசைகாட்டி பம்பரமாகச் சுற்றுகிறது. செயற்கைக்கோள் தொடர்பு இல்லை. வயர்லெஸ்ஸில் பேச்சு வருகிறது. எந்தத் திசையிலிருந்து என்று அது சொல்லாது.

இதற்கு நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. பழைய சாப்பாட்டு மணியை அடித்து ஒலிபெருக்கியில் கூப்பிடுவேன்: "பயணிகளின் அன்பான கவனத்துக்கு, இன்று மட்டன் பிரியாணி." பச்சைப் பொய். என்றைக்கும் ரசம்தான். சத்தத்தைப் பிடித்துப் படகுகள் வந்துவிடும், வந்ததும் என்னை ஏசும்.

13.05

முதல் படகு: "ஞானண்ணே, வந்துட்டோம். கயிறு கட்டியாச்சு. பிரியாணி எங்க?"

இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தேன். படகே இல்லை. சொன்னேன்.

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. மேல நின்னு கையாட்டுறீங்களே!"

நான் கையாட்டவில்லை. அதன்பின் அவர்கள் பேசவில்லை.

14.20

கேப்டன் மீதி ஆட்களோடு உயிர்காப்புப் படகில் தேடப் போய்விட்டார். கப்பலில் நான் மட்டும்.

பனிக்குள் என் குரல் கேட்கிறது. நான் வாயை மூடியிருக்கும்போது. அதே மணி, அதே பிரியாணி. என்னைவிடத் திருத்தமாகச் சொல்கிறது, அதுதான் எரிச்சல். எதிரொலிக் கருவியில் பக்கத்தில் ஏதோ மிதக்கிறது. நம் கப்பலின் நீளம். நம் கப்பலின் அகலம்.

15.15

இரண்டாம் படகு "வந்தாச்சு" என்றது. கேப்டனும் "வந்தாச்சு" என்றார். யாரும் வரவில்லை.

15.40

மிச்சம் மூன்றாம் படகு. நாலு பேர். அதில் ததேயுஸ், என் தங்கை பிரகாசியின் புருஷன். பிரகாசிக்கு இது எட்டாம் மாதம். அவர் இல்லாமல் வந்தால் என் வீட்டுப்படி ஏறாதே என்று சொல்லித்தான் அனுப்பினாள். இரண்டு பக்கமும் கயிற்று ஏணியை இறக்கிவிட்டேன்.

எந்தக் குரலையும் நம்பாதீரும் என்று வயர்லெஸ்ஸில் ததேயுஸிடம் சொன்னேன்.

"அப்போ உம்ம குரல எப்படி வே நம்புறது, மச்சான்?"

நியாயம்தான். ஒலிபெருக்கியில் இதுவரை சொல்லாததைச் சொன்னேன். உண்மையை. "இன்று ரசம். நேற்றும் ரசம். புளிகூடச் சரியில்லை."

"மச்சான், இது நீருதான்! வாறோம்!"

16.05

பனி சொல்கிறது: "இன்று ரசம். புளிகூடச் சரியில்லை."

"ரெண்டு பக்கமும் ரசம்ங்கிறீரு. எங்க வர? டீசல் அடியில கிடக்கு மச்சான்."

16.30

குரலைத் திருடலாம். நெடியை?

காய்ந்த மிளகாய் மூட்டையை மேல்தளத்துக்கு இழுத்து, கொதிக்கிற எண்ணெயில் கொட்டிவிட்டேன். காற்று புகை முழுவதையும் வலது பக்கம் தள்ளுகிறது. இடப்பக்கம் துளி நெடி இல்லை. கண்ணில் தண்ணீர். மிளகாயால்தான். சரி, மிளகாயால் மட்டும் இல்லை.

16.55

"மச்சான், தொண்டை கமறுது! என்னத்த வே வறுக்கிறீரு?"

மூக்குக்கு நேரே வாரும் என்றேன். வலப்பக்கம் பனிக்குள் நாலு பேர் இருமுகிறார்கள். பிரகாசி, உன் புருஷன் இருமுகிறான். இதைவிட நல்ல சங்கீதம் நான் கேட்டதில்லை.

17.10

இடப்பக்கமும் இருமல். நாலு பேர். அங்கே நெடி போகவே இல்லை.

வலது ஏணி சும்மா ஆடுகிறது. இடது ஏணி விறைத்து நிற்கிறது. யாரோ ஏறுகிறார்கள்.

வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன்: ததேயு, கப்பல் தெரிந்தாலும் ஏறாதீரும். இனி என் குரலில் எது கூப்பிட்டாலும் வராதீரும். நானே கூப்பிட்டாலும்.

"விளையாடாதீரும் மச்சான்."

இன்னைக்கு ஒரு நாள் விளையாடலை வே.

மீன் வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு இடது ஏணிக்குப் போகிறேன். கருவி ஓடிக்கொண்டு இருக்கட்டு—

18.00

எஞ்சின் நலம். குளிர்நிலை நலம். என் வயிறும் நலம், அளவு மட்டும் கூடுதல்.

முதல் படகு வந்தாச்சு. இரண்டாம் படகு வந்தாச்சு. கேப்டன் வந்தாச்சு. மூன்றாம் படகு மட்டும் தள்ளி நின்று இருமுகிறது. மச்சான் என்று கூப்பிட்டேன். ரசம் என்றேன். வரவில்லை.

பரவாயில்லை. பிரகாசி வீட்டில்தானே இருப்பாள். கரைக்குப் புறப்படுகிறோம்.

பயணிகளின் அன்பான கவனத்துக்கு, இன்று மட்டன் பிரியாணி.