லண்டனில் இறந்த இன்னாசிமுத்து

நெய்வேலி
12.12.2013

அன்புள்ள அண்ணிக்கு,

தோத்திரம். உங்கள் தம்பிக்கு லண்டனில் ஒரு மகன் இருந்ததாகவும், அதைக் கேட்டு நான் அழுததாகவும் ஊரில் பேசுகிறார்களாம். இரண்டும் பொய். நான் நலம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நடந்தது இதுதான். வக்கீல் என்று சொல்லிக்கொண்டு ஒருவன் எனக்கு ஈமெயில் அனுப்பியிருந்தான். எங்கள் குடும்பத்துப் பீட்டர் இன்னாசிமுத்து என்று ஒருவர் லண்டனில் வாரிசில்லாமல் இறந்துவிட்டாராம். சொத்து எனக்காம், செலவுக்கு முதலில் நான் பணம் அனுப்ப வேண்டுமாம். நான் வார்டனாக இருக்கும் விடுதியின் கிளார்க் வினோலியா அதைப் படித்துவிட்டு, "அப்ப சாருக்கு அங்க ஒரு புள்ள இருந்துச்சா ஆன்ட்டி?" என்றாள். அந்தக் கேள்விதான் அங்கே வரை வந்திருக்கிறது.

"வெள்ளைக்காரனுக்குத்தான் கடைசியில வர்றது குடும்பப் பேரு. நமக்கு அது அப்பா பேரு, இல்லன்னா வீட்டுக்காரர் பேரு. என் பேருக்குப் பின்னால அவர் பேரைப் பாத்துட்டு, திருடன் ஒரு சொந்தக்காரனையே பெத்துப் போட்டிருக்கான்" என்றேன்.

சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்ததும் நேரே குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடும் மனிதர் உங்கள் தம்பி, பாஸ்போர்ட்கூட எடுத்ததில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் போன பிறகு அவர் பெயர் என் பெயரோடு மட்டும்தான் நிற்கிறது. அதில் எனக்குப் பெருமை.

இங்கே பனி தொடங்கிவிட்டது. அவருடைய மஃப்ளர் அங்கே இருந்தால் அனுப்புங்கள். சாப்பாட்டு மணி அடிக்கிறது, போக வேண்டும். நீங்கள் அந்தப் பேச்சை நம்பினீர்களா, இல்லையா என்று போனில் சொல்ல வேண்டாம். கவரில் என் முழுப் பெயரையும் போட்டு எழுதி அனுப்புங்கள்.

பிலோமினா இன்னாசிமுத்து