வெறும் கரைசலில் இறங்கிய எண்

அன்பு மகளுக்கு,

சித்தி எழுதுவது. நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போய்வருகிறேன். நீயும் அந்த அளவுக்காவது இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அன்று போனில் நீ, "இப்பவே கிளம்பி வரட்டுமா சித்தி?" என்று கேட்டாய். வா என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், போனை வாங்கி, "அடுத்த மாசம் லீவு போட்டு வந்தா போதும், வீட்டுலயே விஞ்ஞானியை வச்சிருக்கேன், எனக்கென்ன?" என்றார். நானும் தலையாட்டினேன்.

என் வேலை உனக்குத் தெரிந்ததுதான், செம்பை நடுவில் வைத்துச் சுற்றிலும் சிறு மூலக்கூறுகளைக் கட்டி, அது டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்கிறதா என்று பார்ப்பது. "ஏ தகரக்காரி, இன்னிக்கு உன் செம்பு யாரைப் பிடிச்சுது?" என்று தினமும் கேட்பார். போன மாதம் டி.என்.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட விடக் கருவியில் எண் இறங்கியது, பிடித்துவிட்டது என்று ஓடிவந்து சொன்னேன். அது அவர் நோய்க்கு மருந்தாகப் பத்து வருடம் ஆகும், ஆகாமலும் போகும் என்று சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை, நர்ஸிடம்கூடப் பெருமையடித்தார். நீ பேசிய அன்று காலையில்தான், டி.என்.ஏ.வைக் கரைத்துவைத்திருந்த பாஸ்பேட் கரைசலை மட்டும் தனியாக விட்டுப் பார்த்தேன், முதல் நாளே செய்திருக்கவேண்டிய சோதனை. எண் அதே அளவு இறங்கியது. செம்பு பிடித்தது டி.என்.ஏ.வை அல்ல, பாஸ்பேட்டை. அன்று மதியம் டாக்டர் ஒரு வாரம்தான் என்றார். உன்னை வா என்றால், மருந்தும் இல்லை நாளும் இல்லை என்று அவருக்கு இரண்டுமே புரிந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து நீ கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏன் சித்தி சொல்லல?" என்று கேட்டாய். பதில் இதுதான். உன்னை நீயே திட்டிக்கொள்ளாதே, திட்டவேண்டுமென்றால் என்னைத் திட்டு. எடுத்துப்போன அப்பாவின் ஸ்வெட்டரைச் சுடுதண்ணீரில் போடாதே, சுருங்கிவிடும். அப்பாவைக் கட்டிக்கொண்டவள் என்றாலும் உன்னைவிட ஒன்பது வயதுதான் மூத்தவள், ஆசீர்வாதம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, அவர் பங்கையும் சேர்த்து எழுதுகிறேன்: நன்றாக இரு. போய்ச் சேர்ந்ததற்கு ஒரு வரியாவது எழுது.

உன் சித்தி

பி.கு.: நீ போனில் பேசிய அன்று சாயங்காலமே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அப்ப செம்புக்கு வேற இடத்துல சம்பந்தம் முடிஞ்சிருச்சா?" என்று சிரித்தார். பிறகு, "நீ சொல்லாத. நாளைக்கு நானே அவளை வரச்சொல்றேன்" என்றார். மறுநாள் காலையில் அவர் கண் விழிக்கவில்லை. நினைவில்லாமலே கிடந்து மூன்றாம் நாள் போனார். நீ வந்து சேர்ந்தது நான்காம் நாள்.