வேர்வை என்றீர்கள்

உத்தரத்திலிருந்து அதை இறக்கியதும் முதலில் ரப்பர் வாசனை வந்தது. அதற்குப் பின்னால் மெல்ல நல்லெண்ணெய் வாசனை. பதினோரு மாதம் தலைகீழாகத் தொங்கியும் அந்த எண்ணெய் போகவில்லை. இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றேன். ஆற்றில் நனையாமல் நிற்க நீங்கள் மாட்டிக்கொள்ளும் ரப்பர் கால்சட்டை; பாதத்திலிருந்து இடுப்புவரை ஒரே துண்டாக, கறுப்பாக, ஆள் இல்லாத இரண்டு கால்கள். பாப்பா ஓடிவந்து அதைக் கட்டிக்கொண்டு, "அப்பா கால்" என்றாள்.

இந்தக் கடிதத்தைச் சென்ற ஆடியிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதினால் வேர்வைதானா என்று கேட்க வேண்டியிருக்கும் என்று பயந்து எழுதவில்லை. இப்போது சாரல் திரும்பிவிட்டது. மீன் இலாகாவில் உங்கள் இடத்துக்கு வந்திருப்பவர் முந்தாநாள் வாசலில் வந்து நின்றார்.

"மதினி, அண்ணாச்சியோட ரப்பர் காலு இங்கன இருக்காமே. ஆத்துல இறங்கணும். ஆபீஸ்ல வேற இல்லன்னுட்டாங்க."

அத்தை உள்ளேயிருந்தே, "குடுத்தனுப்புட்டி. அது தொங்குதத என்னால பாக்க முடியல" என்றார்கள்.

கொடுத்திருக்கலாம். இலாகாவின் சொத்துதான். தூண்டில் போட வந்த துரை ஊருக்குத் திரும்பும்போது ஆபீசில் விட்டுப் போனது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு இன்னொருவர் சிற்றாற்றில் இறங்கப் போகிறார் என்றதும் எனக்கு மனம் வரவில்லை. "ரெண்டு நாள் பொறுங்க. பாத்துட்டுத் தாரேன்" என்றேன்.

முதல் நாள் நீங்கள் அதை மாட்டிக்கொண்டு மேலகரம் தெருவில் நடந்தது நினைவிருக்கிறதா? பின்னாலேயே பிள்ளைகள், "ஆனக்கால் மாமா! ஆனக்கால் மாமா!" என்று கத்திக்கொண்டு வந்தன. நீங்களும் தும்பிக்கை மாதிரிக் கையை ஆட்டிக்கொண்டு வந்தீர்கள். மீன்குஞ்சு பிடித்துக் குளத்தில் விடுகிற உத்தியோகத்துக்கு இவ்வளவு கும்மாளமா என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அதைப் பார்த்துக்கொள்வதில் மட்டும் நீங்கள் விளையாட்டே காட்டியதில்லை. வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுவீர்கள். வெயிலில் போடக் கூடாது, மடிக்கக் கூடாது. பாதம் மேலே இருக்கும்படி உத்தரத்தில் கட்டுவீர்கள். காய்ந்ததும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க உள்ளே பவுடர் தூவ வேண்டும். பாப்பாவின் பவுடர் டப்பாவைத்தான் எடுத்துக்கொண்டு போவீர்கள். நான் சண்டை பிடிப்பேன்.

அங்கேதான் என் புத்தி தடுமாறியது. நீங்கள் ஒரு வாரம் செங்கோட்டைப் பக்கம் போயிருந்தபோது, இடது முழங்காலின் தையல் ஓரம் வறண்டு வெடிப்பதுபோலத் தெரிந்தது. பாப்பாவின் பவுடர் அதற்கு ஆகும் என்றால் பாப்பாவின் எண்ணெயும் ஆகும் என்று நினைத்தேன். கிண்ணத்தில் மிச்சமிருந்த நல்லெண்ணெயை அந்த முழங்காலில் ஊற்றி, பிள்ளைக்குத் தேய்ப்பதுபோல உள்ளங்கையால் சூடு பறக்கத் தேய்த்தேன். பி.ஏ. படித்தவள் நான். எண்ணெய் ரப்பரைத் தின்றுவிடும் என்பதை எந்தப் புத்தகத்திலும் படித்திருக்கவில்லை.

திரும்பி வந்ததும் நீங்கள் மோந்து பார்த்தீர்கள். "ஏட்டி, இதுக்கும் எண்ணெ தேச்சுட்டியா? அருவிக்குக் கூட்டிட்டுப் போயி குளிப்பாட்டலையா?" என்று சிரித்தீர்கள். சிரித்து முடித்த பிறகுதான், "ரப்பருக்கு எண்ணெ ஆகாதுட்டி" என்றீர்கள். சீயக்காய் போட்டுக் கழுவினீர்கள்.

பிறகு சாரல் வந்தது. பத்து நாள் ஆற்றில் நின்றீர்கள். சாயங்காலம் கழற்றும்போது இடது காலில் வேட்டி நனைந்து ஒட்டியிருக்கும்.

"தண்ணி உள்ள போகுதா?"

"வேர்வைட்டி. ரப்பருக்குள்ள காத்து போகுமா? எல்லாம் வேர்வை."

பதினோராம் நாள் இருமல். பிறகு காய்ச்சல், ஜன்னி; பிறகு நீங்கள் இல்லை. கிருமியால் வருகிற நோய் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்வது? ஈரத்தில் வெடவெடத்த அந்த இடது காலை என் மடியில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தவள் நான்தானே.

வேர்வையா, ஓட்டையா என்று பார்ப்பது சுலபம். தண்ணீர் நிரப்பித் தொங்கவிட்டால் போதும், நீங்கள் எத்தனையோ தடவை செய்ததுதான். பதினோரு மாதம் நான் அதைச் செய்யவில்லை. செய்யாதவரை, வேர்வை என்ற உங்கள் பேச்சு பொய்யாகாது.

நேற்று நிரப்பினேன். வலது கால் காய்ந்தே இருந்தது. இடது முழங்காலில், தையல் ஓரத்தில், ஒரு சொட்டு திரண்டது. நின்றது. விழுந்தது. அடுத்தது திரண்டது.

தண்ணீரைக் கொட்டிவிட்டு உட்புறத்தைப் புரட்டினேன். மடிப்பில் ஏதோ கிடந்தது. சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டிய சிறு துண்டு, ஒட்டி உரிந்துபோனது. மூலை வைத்து வெட்டினால் கிளம்பிவிடும் என்று வட்டமாகத்தானே வெட்டுவீர்கள்.

பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு தென்காசி சைக்கிள் கடைக்குப் போனேன். வருஷம் திரும்பாமல் படி இறங்குகிறாளே என்று அத்தை அழுதார்கள். கடைக்கார அண்ணாச்சி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம கடை டியூபுதாம்மா. போன சாரல்ல தம்பி மூணு தடவ வந்து சொலூசன் வாங்கிட்டுப் போனாரு. ஒட்டவே மாட்டேங்கு அண்ணாச்சின்னாரு. எண்ணெ குடிச்ச ரப்பர்ல எப்படி ஒட்டும்? பெட்ரோல் போட்டு ஊறத் தொடச்சு, ரெண்டு நாள் காயப் போடும்னேன். ஆத்துல வேல கெடக்கு, ரெண்டு நாளுக்கு எங்க போகன்னுட்டாரு."

துண்டைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். அவர் தானாகவே சொன்னார்:

"எந்த மடையன்வே இதுல எண்ணெ போட்டான்னு கேட்டேன். நாந்தான் அண்ணாச்சி, புத்தி கெட்டுப் போயி போட்டுட்டேன்னு சிரிச்சாரும்மா."

மருந்துச் சீசாவில் கொஞ்சம் பெட்ரோலும், சொலூசனும், ஒரு துண்டு டியூபும் வாங்கி வந்தேன். துணி கறுப்பதை நிறுத்தும்வரை துடைத்தேன். உப்புத்தாளால் தேய்த்தேன். இரண்டு தடவை சொலூசன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருந்து, வட்டமாக வெட்டி வைத்து, அம்மிக் குழவியைப் பாரம் ஏற்றினேன். இன்று காலை மறுபடியும் தண்ணீர் நிரப்பினேன். சொட்டவில்லை. சொட்டாததைப் பார்த்த பிறகுதான் வாய்விட்டு அழுதேன். ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள்.

மத்தியானம் அந்தப் புது ஆள் வந்தார். தண்ணீரில் நிற்பதற்கு முன் இன்னும் ஒரு நாள் காயவிடச் சொன்னேன். வெயில் படாமல் தொங்கவிட வேண்டியது, பவுடர் போட வேண்டியது எல்லாம் சொன்னேன்.

"எண்ணெ மட்டும் படக் கூடாது. போன வருசம் இதுல எண்ணெ தேச்சது நான்தான்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையாட்டினார்.

"உள்ள ஈரம் பட்டா வீட்ல சொல்லிருங்க. வேர்வைன்னு மட்டும் சொல்லாதீங்க."

"எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல மதினி" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"ஆனதுக்கப்புறம் சொல்லுங்க" என்றேன்.

தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பாப்பா உத்தரத்தைப் பார்த்துக் கையை விரிக்கிறாள். நாளை வெள்ளிக்கிழமை, அவளுக்கு எண்ணெய் தேய்க்க வேண்டும். முழங்காலுக்கு வரும்போதெல்லாம் என் கை நின்றுவிடுகிறது. நாளையும் நிற்கும்.

உரிந்த அந்த வட்டத்தை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. என் குங்குமச் சிமிழ் காலியாகத்தானே இருக்கிறது, அதில் போட்டு வைத்திருக்கிறேன். நீங்கள் கடையில் சொன்ன பதிலையும் உங்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டேன். எண்ணெய் போட்டது நீங்கள் இல்லை. யார் கேட்டாலும் இனி நான்தான் என்று சொல்வேன். கேட்கத்தான் யாரும் இல்லை.