குரல் மாறியது, கால் மாறவில்லை

மணி அடிக்காமலே வீட்டுக்குள் வரத் தெரிந்த என் யோகன் அண்ணைக்கு,

நாளைக் காலை உங்கள் கல்வெட்டு அச்சுக்குப் போகிறது. எனக்கு ஊர் திருச்சி. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு எல்லாம் சேர்த்து ஒரு சின்னப் புத்தகம் கொடுக்கும் உங்கள் யாழ்ப்பாண வழக்கம் எனக்குப் புதிது. அதில் ஒரு பக்கம் நான் எழுத வேண்டும் என்று உங்கள் மனைவி வசந்தி அக்கா சொல்லிவிட்டார். "அவர் அந்தக் கதையெல்லாம் உங்களோடைதானே தம்பி கதைச்சவர்" என்றார்.

அழகாக எழுத எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு உங்கள் வீட்டில் ஒரே ஒரு வரிக்காகச் சண்டை நடந்தது. அந்தச் சண்டைக்குப் பாதிக் காரணம் நான்.

"லண்டனில் தொலைக்காட்சி நாடகங்களில் பணியாற்றியவர்." இதுதான் அந்த வரி. அக்காவுக்கு அது வேண்டும். புத்தகத்தைத் தயாரிக்கும் அவரது தமையன் சிவம் அண்ணை முடியவே முடியாது என்றார். "பக்டரியிலை பதினெட்டு வருஷம் வேலை செய்தவர். அது ஊர் அறிஞ்ச விஷயம், போடுவம். மற்றது அவர் சொன்ன கதை. ஒரு நாடகத்திலையும் பேர் இல்லை. கல்வெட்டிலை புளுகு எழுதினால் சனம் சிரிக்கும், பிள்ளை."

சனம் சிரிக்கும் என்று அவர் பயந்ததில் தப்பில்லை. நீங்கள் இருக்கும்போதே சிரித்தார்களே. இங்கே ஜெர்மனியில், ஹம் பக்கத்து ஊன்ட்றொப் கோயில் அன்னதான வரிசையில் "லண்டன் நடிகர் வாறார், வழி விடுங்கோ" என்று ஒருவர் கத்தியதும், நீங்கள் தட்டோடு ஒரு கும்பிடு போட்டதும் எனக்கு நினைவிருக்கிறது. நானும்தான் அன்று சிரித்தேன்.

நாம் முதலில் சந்தித்தது உலகக் கோப்பை நடந்த கோடையில். எல்லா ஜன்னலிலும் கொடி. நான் வேலை பார்க்கும் எர்லாங்கனிலிருந்து அந்தக் கோயில் தேர் பார்க்க வந்து, திரும்பும்போது ஹம் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டு, அறிவிப்புப் பலகையைத் திட்டிக்கொண்டிருந்தேன். தமிழில் திட்டியது நல்லதாகப் போயிற்று. "அடுத்த ரயிலுக்கு ரெண்டு மணித்தியாலம் கிடக்கு. உந்தப் பலகையோடை சண்டை பிடிச்சு என்ன? வீட்டை வந்து சாப்பிட்டிட்டுப் போம்" என்றீர்கள். முன்பின் தெரியாத ஆளை எப்படி அண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டீர்கள்?

லிப்ட் இல்லாத நாலாம் மாடி. மரப்படிகள். உங்கள் பின்னால் மூச்சு வாங்க ஏறினேன். கடைசி இரண்டு படிகளை ஒன்றாகத் தாண்டி, வலது குதிகாலை ஒரு இழுப்பு இழுத்து நின்றீர்கள். மணி அடிக்கக் கையைத் தூக்குவதற்குள் கதவு திறந்தது. "இண்டைக்கும் திறப்பை விட்டுட்டுப் போட்டியள்" என்றார் அக்கா. சாவியைத்தான் நீங்கள் திறப்பு என்பீர்கள். அதை மறக்காத நாள் உங்களுக்கு இருந்ததா?

சாப்பாடு ஆகும்வரை டிவி போட்டீர்கள். பழைய பிரிட்டிஷ் நாடகம் ஒன்று, ஜெர்மன் குரல்களோடு. பெரிய மாளிகை, மெழுகுவத்தி, இறுக்கிய இடுப்போடு ஒரு சீமாட்டி. டிவியைப் போட்டுவிட்டு நீங்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடினீர்கள். டிவியை இப்படிப் பார்க்கும் ஆளை நான் பார்த்ததில்லை.

"உந்தச் சீமாட்டி நடக்கிறது கேக்குதோ?"

"கேக்குது."

"அது நான்தான்."

"ஜோக் அடிக்காதீங்கண்ணா."

அப்போதுதான் சொன்னீர்கள். படம் பிடிக்கும்போது மைக் வாயைத்தான் குறிவைக்கும். கால் சத்தம், பாவாடை உரசல், கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் இதெல்லாம் பிறகு ஒரு நிலவறையில் இரண்டு பேர் படத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்வது. அந்த இடத்தில் தரை துடைக்கத்தான் போனீர்கள். ஒருநாள் போலீஸ்காரர்கள் கூட்டமாக ஓடும் காட்சிக்குக் கால் போதவில்லை என்று வாளியோடு நின்ற உங்களையும் கூப்பிட்டார்கள். அப்புறம் வாளி பக்கம் போகவேயில்லை. நாலு வருடம் நடந்தீர்கள். தட்டில் கொட்டிய சரளைக்கல்லில், பலகையில், ஈரச் சாக்கில். பனிக்கு, தோல்பைக்குள் சோளமாவு.

துணிக்கும் கோப்பைக்கும் மார்கரெட் என்ற அம்மா. சீமாட்டி நடை உங்களுக்கு ஒரு வாரம் வரவில்லை. ஹை ஹீல்ஸ் என்று நாங்கள் சொல்லும் குதியுயர்ந்த சப்பாத்தோடு நீங்கள் நளினமாக நடந்து காட்ட, அவர் சிகரெட்டை வைத்துவிட்டு, "இவள் வாழ்க்கையில் ஒரு பையைத் தூக்கியதில்லை. அதை மட்டும் நினைத்துக்கொண்டு நட" என்றாராம். உடனே வந்துவிட்டதாம். அந்த அம்மாவின் பெயரும் நாடகத்தின் கடைசியில் ஓடும் எழுத்துகளில் இல்லை என்றீர்கள். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த ஒலிப்பதிவுத் தலைவரின் பெயர் மட்டும் ஓடும். கோபமாகச் சொல்லவில்லை. நான்தான் கோபப்பட்டேன். "கேட்டிருக்கணும்ணா. சண்டை போட்டிருக்கணும்."

"தம்பி, காலடி நல்லா இருந்தா ஒருத்தரும் அதைக் கவனிக்க மாட்டினம். கவனிச்சினம் எண்டால் நான் பிழை விட்டிட்டன். இதுக்கு என்னெண்டு போய்ப் பேர் கேக்கிறது?"

பிறகு சொன்ன ஒன்றுதான் எனக்குள் தங்கிவிட்டது. "இஞ்சை ஜெர்மன்காரன் வசனத்தை மட்டும்தான் மாத்திறான். காலை மாத்திறேல்லை, லண்டனிலையிருந்து அப்பிடியே வருது. நான் கதைக்கிற டொச் பாஷை இந்த நாட்டிலை ஒருத்தருக்கும் விளங்காது. ஆனா என்ரை நடை எத்தினை வீட்டுக்குள்ளை போகுது பாரும்."

எல்லா நடையும் உங்கள் நடை இல்லை என்றும் சொன்னீர்கள். திரையில் கால் தெரிந்தால் நடிகர் எப்படி நடக்கிறாரோ அப்படி. ஆள் தெரியாமல், வெளியே படியேறி வரும் சத்தம் மட்டும் வேண்டுமென்றால் உங்கள் இஷ்டம். "அது சொந்த நடை."

அப்போது நான் என்ன சொன்னேன்? நான் செய்வது ஒலிக்கோப்புகளைச் சுருக்கும் வேலை. பெரிய சத்தத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்னச் சத்தத்தைக் காது பிடிக்காது. பிடிக்காததை வீசினால் கோப்பு சின்னதாகும். என் சம்பளமே அந்த வீசலுக்குத்தான். அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "அண்ணா, நாங்க இதைத்தான் முதல்ல தூக்கிப் போடுவோம்."

"நல்ல வேலைதான் பாக்கிறீர்" என்று சிரித்து எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டீர்கள்.

இனி அக்காவுக்கும் தெரியாத விஷயம். டிவியிலிருந்து நீங்கள் பதிந்து வைத்திருந்த மூன்று வீடியோ கசெட்டுகளை, சிடியாக்கித் தருகிறேன் என்று நான்தான் பிடுங்கிக்கொண்டு போனேன். மூன்றையும் ஒரே சிடியில் அடக்கவேண்டும் என்ற வெறியில், படத்துக்கு இடம் விட, ஒலியை எவ்வளவு கசக்க முடியுமோ அவ்வளவு கசக்கினேன். வசனம் புரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். புரிந்தது. தபாலில் அனுப்பினேன். நீங்கள் போன் செய்தீர்கள்.

"குரல் எல்லாம் வலு தெளிவா இருக்குத் தம்பி. நல்லா மினக்கெட்டிருக்கிறீர். அடுத்தமுறை வரேக்கை அந்தக் கசெட்டுகளைக் கொண்டு வாரும் என்ன?"

"அதையா? குப்பைல போட்டுட்டேன்ணா. இனிமே அது எதுக்கு?"

"சரி, சரி. எப்ப வாறீர்?" என்று கேட்டீர்கள்.

குரலை மட்டும் ஏன் பாராட்டினீர்கள் என்று நான் யோசிக்கவேயில்லை. நீங்கள் ஒருமுறையாவது என்னைத் திட்டியிருக்கலாம்.

எட்டாம் நாள் சடங்கான உங்கள் எட்டுச் செலவுக்கு வந்தபோது அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். "தம்பி, நீங்கள் படிச்சனீங்கள். நீங்கள் சொன்னால் அண்ணா கேப்பார். ஏதும் ஒரு அத்தாட்சி எடுத்துத் தாங்கோ. அந்த மனிசன் பொய் சொல்லிக்கொண்டு திரிஞ்சவர் எண்டு சனம் நினைக்கக் கூடாது." அவரிடம் இருந்த ஒரே சாட்சி, மார்கரெட் அம்மா விடைபெறும்போது கொடுத்த அந்தச் சப்பாத்து. நாற்பத்து மூன்றாம் அளவு, குதியுயர்ந்த பெண்கள் சப்பாத்து. கலியாணமான புதிதில் அதைப் பெட்டியில் பார்த்துவிட்டு அக்கா உங்களோடு ஒரு வாரம் பேசவில்லையாமே? "அதைத்தான் அத்தாட்சி எண்டு எனக்குக் காட்டினவள்" என்றார் சிவம் அண்ணை. "நான் இன்னும் பயந்து போனன்."

எர்லாங்கனுக்குப் போனதும் என்னிடம் இருந்த அந்தச் சிடியின் பிரதியை எடுத்தேன். ஒரு நாடகத்தில் வீட்டு எஜமானி வாய்விட்டுக் கடிதம் படிக்க, வெளியே யாரோ படியேறி வரும் காட்சி அதில் உண்டு, நீங்கள் சொல்லியிருந்தீர்கள். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அவள் குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. குரலுக்கு அடியில், படிக்கட்டு இருந்த இடத்தில், நீருக்குள் காகிதம் கசங்குவது மாதிரி ஏதோ ஒன்று. உங்களை நான் வீசியிருந்தேன். கச்சிதமாக, பாடப்புத்தகத்தில் இருக்கிறபடி.

இங்கிலாந்திலிருந்து அந்த நாடகத்தின் டிவிடியை வரவழைத்தேன். ஜெர்மன் குரலுக்கு, இங்கே விற்கும் டிவிடியும் வாங்கினேன். படிச் சத்தத்தை இரண்டிலும் வரைபடமாக்கி அச்சடித்தேன். இரண்டும் ஒன்றே. ஆனால் அது உங்கள் கால் என்று எந்த வரைபடமும் சொல்லவில்லை. ஒப்பிட உங்கள் நடையைப் பதிந்து வைத்தவர் யார்? ஒலிப்பதிவே தொழிலாக வைத்திருக்கும் நான் உங்கள் குரலைக்கூடப் பதிந்ததில்லை.

முந்தாநாள் சனிக்கிழமை, அந்தக் காகிதங்களோடு ஹம் வந்தேன். முன்னறையில் நானும் சிவம் அண்ணையும். அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். வந்து பார்க்கக் கூப்பிட்டேன். "நீங்கள் பாருங்கோ, எனக்கு ஏலாது" என்று உள்ளேயே நின்றுவிட்டார்.

முதலில் ஜெர்மன் டிவிடி. பிறகு ஆங்கிலம். குரல் மாறியது, கால் மாறவில்லை. வரைபடங்களை மேசையில் பரப்பி மூச்சுவிடாமல் விளக்கினேன். சிவம் அண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"சரி, ரெண்டிலையும் ஒரே கால்தான். விளங்குது. ஆனா ஆற்றை கால்? ஆரோ ஒரு வெள்ளைக்காரன் நடக்கிறான் எண்டு நான் சொன்னால் என்ன செய்வீர்?"

கடுப்பில் சத்தத்தைக் கூட்டி, காட்சியை முதலிலிருந்து போட்டேன். இந்தமுறை நிறுத்தாமல் ஓடவிட்டதால், கடிதம் படிக்கும் குரல் முடிந்து, படிச் சத்தம் மட்டும் தனியாக வந்தது. ஏறி, ஏறி, கடைசியில் இரண்டு படியை ஒன்றாகத் தாண்டி, குதிகால் ஒரு இழுப்பு.

சமையலறையில் கத்தி நின்றது. அக்கா ஈரக்கையோடு எங்களைத் தாண்டிப் போனார். டிவி பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே போய் வாசல் கதவைத் திறந்தார்.

வெளியே வெறும் படிக்கட்டு. கீழே எங்கோ ஒரு சைக்கிள் மணி.

சிவம் அண்ணை எழுந்து நின்றுவிட்டார். "என்ன பிள்ளை?"

"இல்லை... திறப்பை விட்டுட்டுப் போட்டாராக்கும் எண்டு..." அக்கா சொல்லி முடிக்கவில்லை. கதவை உடனே மூடவும் இல்லை.

சிவம் அண்ணை உட்கார்ந்தார். என் வரைபடங்களை அடுக்கி என்னிடமே தந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "உந்த வேலைக்குத் தமிழிலை என்ன பேர் தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரே யோசித்து எழுதினார்: "லண்டனில் நான்கு ஆண்டுகள் தொலைக்காட்சி நாடகங்களுக்குக் காலடி ஓசை கொடுத்தவர்." பக்டரி வரிக்கு மேலே போட்டிருக்கிறார், அண்ணை. கீழே இல்லை.

உங்கள் மகள் தாரணிக்குப் பல் மருத்துவரிடம் அவுஸ்பில்டுங் கிடைத்திருக்கிறது; மூன்று வருடப் பயிற்சி. அவளுக்கு அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டலாமா, கொஞ்ச நாள் போகட்டுமா? நீங்கள் இருந்தால் சொல்வீர்கள். சப்பாத்து இனி அலமாரிக்குள் ஒளிந்திருக்க வேண்டாம் என்று வாசலில் மற்றச் சப்பாத்துகளோடு வைத்திருக்கிறார் அக்கா. கசெட் விஷயத்தை எழுதவேண்டாம், பிறகு நேரில் சொல்லலாம் என்றார் சிவம் அண்ணை. எழுதிவிட்டேன். அக்கா, நீங்கள் இதை இங்கேதான் முதலில் படிக்கிறீர்கள். மன்னிப்பு கேட்கவும் எனக்கு நேராகத்தான் வரும்: தப்பு என்னுடையது.

யோகன் அண்ணை, ஒரு மென்பொருள் எவ்வளவு சுருக்கலாம் என்று முடிவு செய்ய நாங்கள் சில ஒலித்துண்டுகளைப் போட்டுக் கேட்டுச் சோதிப்போம். பேச்சு, வயலின், கைத்தட்டல். அடுத்த சோதனைக்குத் துண்டு கொண்டுபோகும் முறை என்னுடையது. ஒரு பெண் கடிதம் படிப்பாள். அவள் குரலுக்கு அடியில் ஒருவர் படியேறுவார். அந்தக் கடைசி இழுப்பு கேட்கிறவரை நான் கையெழுத்துப் போடமாட்டேன். கோப்பு பெரிதானால் பெரிதாகட்டும்.

மூச்சு வாங்கிக்கொண்டு உங்கள் பின்னால் படியேறிய
உங்கள் தம்பி,
செந்தில்
எர்லாங்கன்