அடித்தகட்டைப் பார்த்த ஃபேன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

கம்ப்யூட்டரை எரித்துவிட்டேன் என்று பழிபோட்டு, ராஜபாளையத்தில் தன் கடையில் வேலைபார்த்த என்னைத் துரத்திய முருகேசனை இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்தேன். அவன் அச்சகத்துக்கு மாட்டிக்கொடுத்த கம்ப்யூட்டர் அடிக்கடி அணைந்துபோகிறது என்று அச்சகக்கார அக்கா அவனையும், இப்போது தனியாக ரிப்பேர் பார்க்கும் என்னையும் வரச்சொல்லியிருந்தார்.

நான்தான் திறந்தேன். பெட்டியின் அடியில் மாட்டியிருந்த, கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையின் ஃபேன் கீழே பார்த்திருந்தது. பெட்டியின் அடித்தகட்டிலோ ஓட்டையே இல்லை. காற்று எங்கிருந்து வரும்? தொட முடியாத சூடு. ஃபேன் மேலே பார்க்கும்படி திருப்பி மாட்டினேன். பிறகு அணையவே இல்லை.

"யாரு பண்ணுன தப்பு?" என்று அக்கா கேட்டார்.

முருகேசன் என் காதருகே, "ஏட்டி, செத்த நேரம் சும்மா இரு. எம் பொழப்பு போயிரும்" என்றான்.

"இவிய மாட்டுனதுதான்க்கா. ஃபேனை எந்தப் பக்கம் வைக்கணும்னே தெரியல" என்றேன், வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி.

அவன் முகம் சுண்டிப்போனது. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. நாளை அவன் கடைத்தெருவிலேயே போய் இதைச் சொல்வேன்.